ஒட்டு வினைல் தரை: பெயர்த்து எடுத்த பிறகு எழுதுவது

தரைக்குப் போடுகிற பிளாஸ்டிக் வினைல் பலகை விலை இறங்கிவிட்டதாம். மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ஹார்டுவேர் கடை வாசல்களில் பெட்டி பெட்டியாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு அத்தை மகன் கேட்டான்: "அண்ணே, உங்க வீட்டு ஹாலுல போட்டிருந்தீங்களே, வாங்கலாமா?" வாட்ஸ்அப்பில் பதில் எழுத ஆரம்பித்தேன், நீண்டுவிட்டது. நம் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) இன்னும் பலர் வாங்கப் போவதாகத் தெரிகிறது. அதனால் பொதுவாகவே எழுதிவிடுகிறேன்.

நான் சொல்வது ஒன்றோடு ஒன்று கோர்த்துப் போடும் எஸ்பிசி (கல்தூள் கலந்த பிளாஸ்டிக்) பலகை இல்லை. 3 மி.மீ. கனத்தில், பசை பூசி சிமெண்ட் தரையோடு ஒட்டுகிற வகை.

பலகையைப் பற்றி எனக்கு ஒரு குறையும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், போகப் போகக் கோபத்தில் மறந்துவிடுவேன். மீன் குழம்பு கொட்டினால் துடைத்தால் போயிற்று. நாற்காலியை இழுத்தால் சத்தம் இல்லை. அம்மாவுக்கு முட்டி வலி, மழை நாளில் டைல்ஸ் தரை சில்லென்று காலைக் கடிக்கும், இதில் அந்தத் தொல்லை இல்லை. இத்தனை வருடப் புழக்கத்தில் மேல்பூச்சு மங்கவே இல்லை. பெயர்த்து வெளியே குவித்திருந்ததைப் பார்த்த பக்கத்து வீட்டு அக்கா, "புதுசையா தூக்கிப் போடுறீங்க?" என்றார்.

தொல்லையெல்லாம் அடியில் இருந்தது. போட்ட சில மாதங்களிலேயே பலகை இணைப்புகளில் பசை கசிய ஆரம்பித்தது. கசிந்த பசையில் மண் ஒட்டும், முடி ஒட்டும், எறும்பு ஒட்டும். கறுப்புக் கோடு விழும். துடைத்தால் போகும், இரண்டு நாளில் திரும்ப வரும். கோலத்துக்குக் கோடு இழுத்த மாதிரி ஹால் முழுக்க. அப்புறம் பலகைகள் நகர ஆரம்பித்தன. ஓர் இடத்தில் நகம் நுழையும் இடைவெளி, இன்னோர் இடத்தில் முனை தூக்கிக்கொண்டு காலைத் தட்டும். போட்டவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "வெயில் காலம் வந்தா இறுகிடும்" என்றார். பேராக்கில் எந்த மாதம் அது என்று கேட்பதற்குள் போனை வைத்துவிட்டார். அதன் பிறகு எடுக்கவே இல்லை.

சமையலறையைப் பெரிதாக்க ஆள் விட்டபோது, ஹாலையும் சேர்த்துப் பெயர்த்துவிடலாம் என்று முடிவு செய்தேன். அப்போதுதான் உள்ளே நடந்திருந்தது தெரிந்தது. ஒட்டு வினைலுக்குப் பசையைப் பல் வைத்த கரண்டியால் இழுப்பார்கள். அந்தப் பல் விட்ட வரிகள்தான் பசை எங்கும் ஒரே அளவில் இருக்க உதவும். எங்கள் தரையில் வரியே இல்லை. தட்டையான பட்டையால் அப்பியிருக்கிறார். வெள்ளையாகப் பூசும் பசை காய்ந்து கண்ணாடி போல ஆன பிறகே பலகை வைக்க வேண்டும். நம் ஊர் ஈரக் காற்றில் அதற்கு நேரம் கூடுதலாகப் பிடிக்கும். அவருக்கு அந்தப் பொறுமை இருந்ததாகத் தெரியவில்லை. ஒட்டி முடித்ததும் 45 கிலோ கனமுள்ள உருளையை மேலே உருட்டி அழுத்துவது முறை. எங்கள் வீட்டுக்கு உருளை எதுவும் வரவில்லை, காலால் மிதித்தார்.

இதையெல்லாம்கூட மன்னித்துவிடலாம். மன்னிக்க முடியாதது, ஒரே ஹாலில் இரண்டு பசை. பாதியில் வாளி தீர்ந்திருக்கும் போல, ஜன்னல் பக்கம் முழுவதும் செருப்புத் தைப்பவர்கள் பூசுவார்களே, அந்த மஞ்சள் பசை. வாசல் பக்கம் பலகைகள் கையோடு வந்தன. அடியில் பசை பால் நிறத்தில் இளகிக் கிடந்தது. ஜன்னல் பக்கம் பலகை துண்டு துண்டாகக் கிழிந்ததே தவிர, தரையை விடவில்லை.

இரண்டுக்கும் மருந்து வேறு. வாசல் பக்கத்தில் இருந்த, தண்ணீர் கலந்த அக்ரிலிக் பசைக்குச் சுடுதண்ணீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் போதும். ஊற்றி, ஊறவிட்டு, ஸ்கிரேப்பரால் (சுரண்டும் தகட்டால்) தள்ளினால், ரப்பர் மரத்தில் உறைந்து கிடக்கும் ஒட்டுப்பால் மாதிரி சுருண்டு வரும். பால்மரம் சீவிய தாத்தாவின் பேரன் வீட்டு ஹாலில் உட்கார்ந்து ஒட்டுப்பால் எடுத்தது இப்படித்தான். மஞ்சள் பசைக்கு அந்த வேலை பலிக்காது. அது சூட்டுக்குத்தான் இளகும். பலகையைக் கட்டரால் ஒரு சாண் அகலத்துக்குக் கீறிவிட்டு, ஹீட் கன்னை (சூடான காற்று ஊதும் கருவியை) குறைந்த சூட்டில் காட்டி, ஸ்கிரேப்பரைச் சாய்வாக உள்ளே விட வேண்டும். அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டினால் வினைல் கருகி மூக்கை எரிக்கும் புகை வரும். அது நல்ல புகை இல்லை, ஜன்னல் கதவெல்லாம் திறந்திருக்கட்டும்.

ஹார்டுவேர் கடை அங்கிள் பெயிண்டில் கலக்கும் தின்னர் டின்னை எடுத்து நீட்டினார். அவர் சொன்னதில் தப்பில்லை, மஞ்சள் பசை தின்னருக்குக் கரையும். ஆனால் தின்னர் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு ஊர்ந்து அடுப்பு வரை போகும். ஹீட் கன்னும் தின்னரும் ஒரே வீட்டில் ஒரே நாளில் கூடாது. வேறொருவர் தரை தேய்க்கும் கிரைண்டர் கொண்டுவந்தார். பசை உருகிக் கல்லை அடைத்துக்கொண்டது, சிமெண்டுத் தூசி வீடெங்கும் பறந்தது. அந்தத் தூசியில் இருக்கும் சிலிக்கா நுரையீரலுக்குக் கேடு. துணியைக் கட்டிக்கொண்டால் போதாது, என்95 முகக்கவசமாவது வேண்டும். இன்னொன்று, பழைய வீட்டில் 9 அங்குலச் சதுர டைல்ஸும் அடியில் தார் மாதிரி கறுப்புப் பசையும் இருந்தால் சுரண்டாதீர்கள், தேய்க்காதீர்கள். ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம். சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

சுரண்டி முடித்த பிறகு, வாசல் பக்கம் மட்டும் ஏன் இளகியது என்ற கேள்வி மிஞ்சியது. 45 செ.மீ. சதுர பிளாஸ்டிக் தாளை வெறும் சிமெண்ட் மேல் வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டி, 16 மணி நேரம் விட்டுப் பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. காலையில் பார்த்தால், கார் நிறுத்தும் அந்த வாசல் பக்கம் ஒட்டிய தாளுக்கு அடியில் முத்து முத்தாக நீர். மண்ணிலிருந்து ஈரம் ஏறுகிறது. அந்த ஈரமும் அதோடு வரும் சிமெண்டின் காரமும் தொடர்ந்து பட்டால் தண்ணீர்ப் பசை மறுபடி இளகிவிடும். நல்ல கை போட்டிருந்தாலும் அந்த மூலை நின்றிருக்காது. போட்டவருக்காக இந்த ஒரு வரி. ஒரு பிளாஸ்டிக் தாளும் கொஞ்சம் டேப்பும் வைத்து முதல் நாளே இதைக் கண்டுபிடித்திருக்கலாம் என்பது அதற்கு அடுத்த வரி.

ஆக, வாங்கலாமா? தம்பி, வாங்காதே. தரைவீட்டு ஹாலுக்கு, முன்பின் தெரியாத ஆளை நம்பி, பசை போட்டு ஒட்டுகிற எதையும் வாங்காதே. மேலே எவ்வளவு நல்ல பலகை இருந்தாலும் சரி. எங்கள் ஹாலுக்கு இப்போது டைல்ஸ் போட்டாகிவிட்டது. அம்மா வீட்டுக்குள்ளேயே செருப்புப் போட்டுக்கொண்டு நடக்கிறார், "பழைய தரையே நல்லா இருந்துச்சு" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார்.

பின்னறையில் வைத்த பிளாஸ்டிக் தாளுக்கு அடியில் ஒரு துளி நீர் இல்லை. அங்கே அதே பலகையை, அதே நிறத்தில், இந்த இறங்கிய விலைக்கே வாங்கி நானே ஒட்டியிருக்கிறேன். பல் கரண்டியால் இழுத்து, பசை தெளியும்வரை வெளியே உட்கார்ந்திருந்து, வாடகைக்கு எடுத்த உருளையை உருட்டி. அம்மா அந்த அறைக்கு மாறிவிட்டார்.

நீளக் கைப்பிடி ஸ்கிரேப்பர் என்னிடம் இருக்கிறது, வேண்டுகிறவர்கள் வந்து எடுத்துக்கொள்ளலாம். பிளேடு எல்லாம் மழுங்கிவிட்டது, அதை மட்டும் புதிதாக வாங்கி வாருங்கள்.