ஸ்டியரிங் இறுகியதா? கேபிளுக்குப் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

படகின் பின்பக்கம் மாட்டும் பழைய அவுட்போர்டு எஞ்சினின் ஸ்டியரிங் கல்லாகிப்போய்ப் பட்டறைக்குக் கிளம்புகிறவர்களுக்கான பதிவு இது. பட்டறையின் பெயரைப் போடப்போவதில்லை. செய்த வேலையை மட்டும் சொல்கிறோம்.

எஞ்சின் 40 குதிரைத்திறன் டூ-ஸ்ட்ரோக். சக்கர ஸ்டியரிங், ஒற்றைக் கேபிள். சக்கரத்தைத் திருப்ப இரண்டு கையும் தேவைப்பட்டது. மெக்கானிக் வந்து சக்கரத்தை ஒருமுறை அசைத்துப் பார்த்தார். "கேபிள் போச்சுண்ணே, ஹெல்மும் சேத்து மாத்திருவோம்" என்றார். ஹெல்ம் என்பது சக்கரத்தின் பின்னால் இருந்து கேபிளைத் தள்ளி இழுக்கும் பல்சக்கரப் பெட்டி. எதையும் கழற்றவில்லை. பில் 23,500 ரூபாய்: புதுக் கேபிள், புது ஹெல்ம், கிரீஸ், கூலி. ஏழே வாரத்தில் ஸ்டியரிங் பழையபடி இறுகிவிட்டது.

கழற்றிப் பார்த்ததும் விஷயம் புரிந்தது. எஞ்சினைத் தூக்கி இறக்கும்போது அது சுழல்கிற குறுக்குக் குழாய்க்கு டில்ட் ட்யூப் என்று பெயர். கேபிள் முனையில் இருக்கும் எவர்சில்வர் கம்பி இந்தக் குழாய்க்குள்தான் போய்வருகிறது. பழுது இருந்ததும் இதே குழாயில்தான். உள்ளே பழைய கிரீஸ், உப்பு, துரு மூன்றும் சேர்ந்து களிம்பாக அப்பியிருந்தன. அதைச் சுரண்டாமல், அதன் மேலேயே புதுக் கேபிளைச் செருகி நட்டை முறுக்கியிருக்கிறார்கள். கேட்டு வாங்கி வைத்திருந்த பழைய ஹெல்மைக் கையால் சுற்றினால் இன்றைக்கும் தடையில்லாமல் சுற்றுகிறது. அதை மாற்ற வேண்டிய அவசியமே இருந்ததில்லை.

நம் கரையில் ஃபைபர் படகுகளில் பெரும்பாலும் எஞ்சின் கைப்பிடியைப் பிடித்தேதான் திருப்புகிறோம். கார்புரேட்டரையும் கியர்பாக்ஸையும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டுகிற கெட்டிக்கார மெக்கானிக்குகளில் பலர் சக்கர ஸ்டியரிங்கின் டில்ட் ட்யூபைக் கழுவியே இருக்கமாட்டார்கள். தெரியாதது குற்றமில்லை. சோதிக்காமலே நல்ல பாகத்தைப் பழுது என்று பில்லில் எழுதுவது குற்றம்.

பழுது எங்கே என்று கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் போதும். உங்கள் கண்முன்னே செய்யச் சொல்லுங்கள். எஞ்சின் நின்றிருக்க வேண்டும், கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும். கேபிள் கம்பியையும் எஞ்சினையும் இணைக்கிற லிங்க் கம்பியை எஞ்சின் பக்கம் கழற்றிவிட்டு, எஞ்சினைக் கையால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தள்ளுங்கள். ஒரு கையால் தள்ளினாலே திரும்பினால் எஞ்சின் பக்கம் பழுதில்லை. முக்கிமுனகித் தள்ள வேண்டியிருந்தால் எஞ்சின் சுழலும் கழுத்துப் பகுதி, அதாவது ஸ்விவல் பிராக்கெட், இறுகியிருக்கிறது. அப்போது எத்தனை கேபிள் மாற்றினாலும் பிரயோஜனமில்லை.

எஞ்சின் லேசாகத் திரும்பினால், லிங்க் கழன்ற நிலையிலேயே சக்கரத்தைத் திருப்பிப் பாருங்கள். இறுக்கம் அப்படியே இருந்தால் டில்ட் ட்யூபின் பெரிய நட்டை அவிழ்த்துக் கேபிளை வெளியே இழுங்கள். கம்பி வெளியே வந்தபின் சக்கரம் லேசாகச் சுற்றினால் குற்றவாளி குழாய்தான், கேபிளும் ஹெல்மும் நன்றாக இருக்கின்றன. அப்போதும் இறுகினால் ஹெல்மிலிருந்து கேபிளைப் பிரித்து ஹெல்மை மட்டும் சுற்றுங்கள். அது சுற்றினால் கேபிளை மாற்றுங்கள். சுற்றாவிட்டால் ஹெல்மை மாற்றுங்கள். எந்தக் கட்டத்திலும் சக்கரத்தில் தொங்கிப் பலம் கொடுக்க வேண்டாம், ஹெல்மின் உள்பல் போய்விடும்.

கேபிளின் உறை வெடித்திருந்தாலோ, உறைக்குள்ளிருந்து துருத்தண்ணீர் கசிந்தாலோ, கம்பி வளைந்தோ குழி விழுந்தோ இருந்தாலோ தயங்காமல் கேபிளை மாற்றிவிடுங்கள். உறைக்குள் எண்ணெய் ஊற்றிச் சரிசெய்கிறேன் என்பவரை நம்ப வேண்டாம். தொழிற்சாலையிலேயே மசகு போட்டு அடைத்து வருகிற சாமான் அது. மண்ணெண்ணெயோ வேறு கரைப்பானோ உள்ளே போனால் இருக்கிற மசகும் கரைந்து போகும்.

இனி அந்தக் குழாயைச் சுத்தம் செய்யும் முறை. கம்பி உள்ளேயே சிக்கியிருந்தால் துரு இளக்கும் எண்ணெயைக் குழாயின் இரு முனையிலும் விட்டு ஒருநாள் இரண்டுநாள் ஊறவிட வேண்டும். காரின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்குப் போடும் ஏடிஎஃப் எண்ணெயும் அசிட்டோனும் சரிபாதி கலந்தும் விடலாம். ஆனால் அந்தக் கலவையில் உள்ள அசிட்டோன் முழுக்க ஆவியாகும்வரை பக்கத்தில் சூடு காட்டக் கூடாது, அது சட்டென்று பற்றிக்கொள்ளும். பிறகு சூடு காட்டுவதாக இருந்தால் ஹீட் கன் மட்டும். கேஸ் தீ வேண்டாம், பக்கத்திலேயே பெட்ரோல் குழாய் இருக்கிறது, பின்னால் ஃபைபர் பலகை இருக்கிறது. நட்டை முழுவதும் கழற்றிவிட்டு, கம்பியைவிடச் சற்று மெலிந்த பித்தளைத் தடியை வைத்துத் தட்டித் தள்ள வேண்டும். கம்பியின் முனையில் நேராகச் சுத்தியலால் அடித்தால் முனை காளான்போல விரிந்து குழாய்க்குள் நுழையாது. எங்கள் குழாயில் நட்டு ஏறும் முனையிலேயே சுத்தியல் தழும்பு இருந்தது. அந்த மரை 7/8 அங்குலம், அங்குலத்துக்கு 14 இழை. நசுங்கிய மரையில் நட்டைக் கோணலாக ஏற்றி முறுக்கி வைத்திருந்தார்கள். அதைத் திரும்ப மரை வெட்டிச் சரிசெய்ய ஒருநாள் முழுக்கப் போனது.

கம்பி வெளியே வந்தபின் குழாயின் உள்பக்கத்தைப் பிரஷால் தேய்த்து, மரத்தடியில் எமரித்தாளைச் சுற்றி உள்ளே விட்டுச் சுழற்றி, மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். துணி வெள்ளையாக வெளியே வரும்வரை விடக் கூடாது. துரப்பணத்தை ஓட்டிக் குழாயைப் பெரிதாக்கிவிடாதீர்கள். கம்பியின் தடிமன் 5/8 அங்குலம், குழாய் அதற்கு அளவெடுத்துச் செய்தது. ஆடுகிற அளவுக்குத் தளர்ந்தால் ஸ்டியரிங்கில் வெற்று ஆட்டம் வந்துவிடும். பிறகு கம்பியில் கடல்நீருக்கான கிரீஸை மெல்லிய பூச்சாகப் பூசிச் செருகலாம்.

குழாயில் கிரீஸ் ஏற்றும் முனை, அதாவது கிரீஸ் நிப்பிள், இருந்தால் ஒரு எச்சரிக்கை. கம்பியை முழுக்க உள்ளே இழுத்துக்கொண்ட பிறகுதான் கிரீஸ் கன்னைப் பிடிக்க வேண்டும். கம்பி வெளியே நீண்டிருக்கும்போது அழுத்தினால் கிரீஸ் உள்ளே அடைபட்டு, கம்பி பின்னால் வர முடியாமல் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். நிப்பிளே இல்லாத பழைய எஞ்சின்களுக்கு நிப்பிள் வைத்த நட்டு தனியாகக் கிடைக்கிறது.

கேபிள் நீளத்திலும் ஏமாற்று நடந்திருந்தது. கடையில் கையிருப்பில் இருந்த, 2 அடி கூடுதலான கேபிளைப் போட்டு, மிச்சத்தைப் படகின் பின்பக்கமான அமரத்தில் சுருட்டி மறைத்திருந்தார்கள். ஒவ்வொரு வளைவும் உரசலைக் கூட்டும். வளைவின் ஆரம் 8 அங்குலத்துக்குக் குறையவே கூடாது. பழைய கேபிளின் உறையிலேயே பெரும்பாலும் நீளம் பொறித்திருக்கும். அழிந்திருந்தால், சுழல்வகை (ரோட்டரி) ஹெல்முக்குப் பிளாஸ்டிக் உறையின் நீளத்தை அளந்து 18 அங்குலம் கூட்டி அடுத்த முழு அடிக்கு வாங்குங்கள்.

இதையெல்லாம்விட எங்களைக் கதிகலங்க வைத்தது லிங்க் கம்பியின் நட்டு. அங்கே இருக்க வேண்டியது நைலான் வளையம் வைத்த நைலாக் நட்டு. ஒருமுறை கழற்றினால் புதிதுதான் போட வேண்டும். எங்கள் எஞ்சினில் சாதாரண இரும்பு நட்டு, அதுவும் பாதி கழன்ற நிலையில் இருந்தது. ஓடும்போது அது விழுந்திருந்தால் எஞ்சின் தானாக ஒரு பக்கம் மடங்கிப் படகு வட்டமடிக்கும், ஆளைத் தூக்கிக் கடலில் எறிந்துவிட்டு அவர் மேலேயே திரும்பி வரும். சில ரூபாய் நட்டில் மிச்சம் பிடிக்கிறவரிடம் படகை விடவே கூடாது. எஞ்சினை அணைக்கும் கயிற்றை எப்போதும் உடலில் மாட்டிக்கொள்ளுங்கள்.

எஞ்சினின் கழுத்து இறுகியிருந்தால் வேலை வேறு. ஸ்விவல் பிராக்கெட் நிப்பிளில் கிரீஸ் அடித்ததாகப் பில்லில் இருக்கும். மெழுகாக இறுகிய பழைய கிரீஸ் வழியை அடைத்திருந்தால் புதுக் கிரீஸ் ஒரு துளிகூட உள்ளே போகாமல் நிப்பிளைச் சுற்றியே வழியும். நிப்பிளைக் கழற்றி, துளையில் மெல்லிய கம்பி விட்டுக் குத்தி, இளக்கும் எண்ணெய் விட்டு, எஞ்சினை இடவலமாக ஆட்டி ஆட்டி, மறுபடி கிரீஸ் அடிக்க வேண்டும். கழுத்தின் மேலும் கீழும் அழுக்குக் கிரீஸ் பிதுங்கி, பின்னால் புதுக் கிரீஸ் வந்தால்தான் வேலை முடிந்தது. இரண்டு மூன்று நாள் விடாமல் செய்தும் இளகாவிட்டால், கழுத்துக்குள் இருக்கும் உருளை வளையமான புஷ்ஷைச் சுற்றி அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடி ஊதியிருக்கிறது என்று பொருள். எஞ்சினைத் தொங்கவிட்டுப் பிரித்து, பொடியைச் சுரண்டி, புது புஷ்ஷும் சீலும் போட்டே ஆக வேண்டும். இது உண்மையிலேயே பெரிய வேலை, கூலியும் அதற்கேற்ப வரும், கொடுக்கலாம்.

கைப்பிடி எஞ்சின்காரர்கள் முதலில் ஸ்டியரிங் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகைத் தளர்த்திப் பாருங்கள். அதைத் தளர்த்திவிட்டு "புஷ் மாத்தினேன்" என்று காசு வாங்குவது சுலபம்.

நின்றால் லேசு, வேகமெடுத்தால் மட்டும் ஒரு பக்கம் இழுக்கிறது என்றால் கேபிளையும் கழுத்தையும் தொடவே வேண்டாம். எஞ்சினின் காற்றாடிக்கு (புரொப்பெல்லருக்கு) மேலே தகட்டின் அடியில் இருக்கும் சின்னத் துடுப்பு, டிரிம் டேப், பெரும்பாலும் கோணம் மாறியிருக்கும். படகு இடப்பக்கம் இழுத்தால் துடுப்பின் பின்முனையை இடப்பக்கம் திருப்புங்கள், வலப்பக்கம் இழுத்தால் வலப்பக்கம். போல்ட்டை இறுக்கி ஓட்டிப் பார்த்து, தேவைப்பட்டால் இன்னும் கொஞ்சம் திருப்பலாம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்குப் பட்டறை மறுத்துவிட்டது. மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் சம்பவம் நடந்து 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம், 5 லட்சம் ரூபாய்வரை செலுத்திய விவகாரங்களுக்குக் கட்டணம் இல்லை. வணிகத்துக்காக என்று எதிர்த்தரப்பு வாதாடும். சொந்தமாகத் தொழில் செய்து பிழைக்கிறவர்களுக்குச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது, புகாரில் அதைத் தெளிவாக எழுத வேண்டும். பாகம் பாகமாகப் பெயர் போட்ட பில்லைக் கேட்டு வாங்குங்கள். "ஸ்டியரிங் வேலை" என்று மொத்தமாக எழுதினால் ஏற்காதீர்கள். டில்ட் ட்யூபைக் கழற்றிய நிலையில் ஒரு படம், கழுவிய பிறகு ஒரு படம் எடுத்து வையுங்கள். கழற்றிய கேபிள், ஹெல்ம், நட்டு எல்லாவற்றையும் கையோடு எடுத்து வந்துவிடுங்கள். எங்களிடம் பழைய ஹெல்ம் இருக்கிறது. பழைய கேபிளை அன்றைக்கே பட்டறையில் விட்டுவிட்டதால், அது நன்றாக இருந்தது என்று காட்ட இப்போது கையில் எதுவும் இல்லை.