மெதுவோட்டமும் விரைவோட்டமும்: பதிவின்போதே முடிப்பதா, எடிட்டிங்கில் பார்ப்பதா?

சுங்கை சிப்புட் மாதிரி மலேசியத் தோட்டப்புற ஊர்களில் கேமராவோடு திரிபவர்களுக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. மாரியம்மன் கோவில் திருவிழா, தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டி, கல்யாணம் என்று வந்துகொண்டே இருக்கும். எங்கே போனாலும் "இந்த இடத்தை ஸ்லோமோஷன்ல எடுங்க தம்பி" என்று ஒருவராவது கேட்பார். அதைக் களத்திலேயே எடுப்பதா, சாதாரணமாக எடுத்துவிட்டு அப்புறம் கணினியில் இழுத்துக்கொள்வதா என்பதில் எனக்குத் தெளிவான கருத்து உண்டு. மெதுவோட்டத்தைப் பதிவு பட்டனை அழுத்துவதற்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும். விரைவோட்டத்துக்கு, அதாவது நீண்ட காட்சியைச் சுருக்கி வேகமாகக் காட்டுவதற்கு, அந்தக் கட்டாயம் இல்லை.

செம்பனைக் குலை வெட்டுவதை எடுத்துக்கொள்ளுங்கள். நீளக் கம்பின் நுனியில் இருக்கும் அரிவாள் ஒரு இழுப்பு இழுக்கும். காம்பு அறுந்து குலை கீழே வந்து மோதும், உதிரிப் பழங்கள் நாலாபக்கமும் சிதறும். மோதுவதும் சிதறுவதும் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். நொடிக்கு 25 ஃபிரேமில் எடுத்தால் கையில் மொத்தம் 25 படம்தான். அதை நான்கு மடங்கு மெதுவாக்கினால் ஒவ்வொரு படமும் நான்கு முறை நிற்கும், பழங்கள் தத்தித் தத்திப் போகும். எடிட்டிங் செயலிகள் இடைப்பட்ட படங்களைத் தாங்களே உருவாக்கித் தரும்தான். ஆனால் உறுமியின் வளைகுச்சி தோலில் தேயும் காட்சியை அப்படி மெதுவாக்கிப் பாருங்கள், குச்சியின் விளிம்பு கரைந்து மேளத்தோடு ஒட்டிக்கொள்ளும். கேமரா பார்க்காத படத்தைச் செயலி ஊகிக்கத்தான் முடியும்.

களத்தில் எடுப்பது என்றால் முதலில் கைப்பேசி. ஐஃபோனின் ஸ்லோமோ முறையில் 120, 240 என்று இரண்டு வேகம். 240-இல் எடுத்ததை 30-இல் ஓட்டினால் எட்டு மடங்கு மெதுவாகும். எனக்கு இதில் பிடித்தது வேகமல்ல, விட்டுக்கொடுக்கும் குணம்: எங்கே மெதுவாக வேண்டும், எங்கே சாதாரணமாக ஓட வேண்டும் என்பதைப் பிறகு ஃபோட்டோஸ் செயலியிலேயே இழுத்து மாற்றலாம். ஒலியும் பதிவாகியிருக்கும். குறை என்றால் இடம். 1080பி-யில் 240 ஃபிரேம் என்றால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 480 எம்பி விழுங்கும். 120 போதும் என்றால் 170-ஐ ஒட்டி நிற்கும். ஓட்டப்பந்தயத்துக்கு 120 தாராளம். அதற்கு மேல் இழுத்தால் பிள்ளை கோட்டைத் தொடுவதற்குள் பார்ப்பவருக்குச் சலித்துவிடும்.

சாம்சங் 2018-இல் கேலக்ஸி எஸ்9-இல் கொண்டுவந்த 960 ஃபிரேம் வித்தை வேறு ரகம். 0.2 நொடி காட்சி ஆறு நொடியாக விரியும். ஆனால் அந்த 0.2 நொடியைச் சரியாகப் பிடிக்க வேண்டும். தேங்காய் உடைக்கும்போது பிடித்துவிடலாம், தீமிதியில் யார் எப்போது கால் வைப்பார் என்று காத்திருந்து பிடிப்பது கடினம்.

சோனி இசட்வி-ஈ10 போன்ற கேமராக்களில் எஸ் அண்ட் கியூ (ஸ்லோ அண்ட் குயிக்) என்று ஒரு முறை இருக்கிறது. மேலே உள்ள பட்டனை அழுத்தினால் புகைப்படம், வீடியோ, எஸ் அண்ட் கியூ என்று மாறும். மெதுவும் விரைவும் அதிலேயே அடங்கும்: பால் (PAL, 50 ஹெர்ட்ஸ் மின்சார நாடுகளுக்கான வீடியோ வடிவம்) அமைப்பில் நொடிக்கு 1 ஃபிரேமிலிருந்து 100 வரை வைக்கலாம். எடுத்து முடித்ததும் மெதுவான கோப்பு தயாராக இருக்கும், எடிட்டிங்கே தேவையில்லை. எளிமை என்று பார்த்தால் இதுதான் முதலிடம். ஆனால் ஒலி பதிவாகாது. உறுமி மேளம் இல்லாத காவடியை நான் யாரிடமும் கொடுக்க மாட்டேன். அதனால் திருவிழாவில் இதைத் துண்டுக் காட்சிகளுக்கு மட்டும் வைத்துக்கொள்வேன்.

மண்டபத்துக்குள் நிலைமை தலைகீழ். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஆகவே பழைய டியூப் லைட்டுகள் நொடிக்கு 100 முறை மினுங்கும். கண்ணுக்குத் தெரியாது, 120 ஃபிரேமில் எடுத்தால் படம் முழுக்கத் துடிக்கும். சோனியில் 100 ஃபிரேமும் 1/100 நொடி ஷட்டரும் (ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சம் விழும் நேரம்) வைத்தால் துடிப்பு அடங்கிவிடும். தாலி கட்டும் நேரத்தை மெதுவாகக் காட்ட ஆசைப்படுகிறவர்கள் இதை முதல்நாளே சோதித்துப் பார்ப்பது நல்லது. இரண்டாம் முறை கட்டச் சொல்ல முடியாது. ஐஃபோன் மட்டும் இருந்தால் 50 ஃபிரேமில் எடுக்க விடும் தனிக் கேமரா செயலி ஒன்றைப் போட்டு, அதில் வீடியோ எடுத்து 25-இல் ஓட்டுங்கள். இரண்டு மடங்குதான் மெதுவாகும், ஆனால் சுத்தமாக இருக்கும், ஒலியும் கிடைக்கும். இருட்டிய பிறகும் இதுவே மேல். 240-இல் ஒவ்வொரு படத்துக்கும் அதிகபட்சம் 1/240 நொடி வெளிச்சம்தான் கிடைக்கும், அந்திக்குப் பிறகு படம் புள்ளி புள்ளியாகிவிடும்.

விரைவோட்டத்துக்கு வருவோம். சுண்ணாம்புக் குன்றுகளுக்கு மேல் மழை மேகம் திரள்வது, பந்தல் எழும்புவது போன்றவற்றைச் சாதாரண வீடியோவாக எடுத்துப் பிறகு வேகப்படுத்தினாலும் தரம் குறையாது, தேவையில்லாத படங்கள் கழியும், அவ்வளவுதான். நினைவகமும் பேட்டரியும்தான் தாங்காது. அதனால் நீளமான காட்சிக்கு, இடைவெளி விட்டுப் படம் எடுத்துக் கோக்கும் டைம்லாப்ஸ் முறையே வசதி. ஐஃபோனில் வேகம் நம் கையில் இல்லை: முதலில் நொடிக்கு இரண்டு படம் எடுக்கும், நேரம் கூடக்கூட இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போகும், கடைசியில் எவ்வளவு நேரம் எடுத்தாலும் 40 நொடிக்குள் சுருக்கித் தரும். பந்தலுக்குச் சரி. தேர் ஊர்வலத்துக்கு எனக்கு ஒத்துவராது. ஊர்வலத்தில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் தேர் நின்று அர்ச்சனை நடக்கும்போது வேகம் இயல்புக்குத் திரும்ப வேண்டும். கோப்ரோ ஹீரோ 8 கேமராவில் 2019-இல் வந்த டைம்வார்ப் 2.0 வசதி இதைத்தான் செய்கிறது: ஓடிக்கொண்டிருக்கும்போதே திரையைத் தட்டினால் நிஜ வேகம், மறுபடி தட்டினால் விரைவு. பதிவின்போதே செய்யும் வித்தைகளில் எனக்கு மிகவும் மனநிறைவு தந்தது இதுதான்.

இதற்கெல்லாம் தனியாகச் செலவு செய்ய முடியாதவர்கள் ஆண்ட்ராய்டில் இலவசமாகக் கிடைக்கும் ஓப்பன் கேமராவைப் போட்டுப் பாருங்கள். பதிவுக்கு முன்பே வேகத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதி அதில் உண்டு. மெதுவோட்டம் மட்டும் உங்கள் கைப்பேசி ஈடுகொடுத்தால்தான் வேலை செய்யும். அமைப்புகளில் கேமரா2 ஏபிஐ-யை (செயலிகள் கேமராவைக் கூடுதலாகக் கட்டுப்படுத்த ஆண்ட்ராய்டு தரும் வழி) தேர்ந்தெடுத்துவிட்டுத் தேடுங்கள், கைப்பேசியால் முடிந்தால் மெதுவான வேகங்களும் பட்டியலில் வரும்.