சேலத்திலிருந்து போர் விமானம் பார்க்க: எலஹங்காவா, மெரினாவா, சூலூரா?

காமலாபுரம் விமான நிலையத்தில் ஏடிஆர் பயணிகள் விமானம் இறங்குவதை வேலிக்கு வெளியே நின்று பார்க்கும் பிள்ளைகள் ஓமலூர்ப் பக்கம் இன்றைக்கும் உண்டு. அந்த ஆசை வளர்ந்து, ஃபைட்டர் பார்க்கணும் என்று வீட்டில் கேட்க ஆரம்பித்தால் எங்கே கூட்டிப்போவது? சேலத்துக்காரர்கள் வழக்கமாகச் சொல்லும் பெயர்கள் மூன்று. பெங்களூரு எலஹங்காவில் நடக்கும் ஏரோ இந்தியா விமானக் கண்காட்சி, 2024-ல் சென்னை மெரினாவில் நடந்தது போன்ற விமானப்படை சாகசக் காட்சி, கோவைக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கும் சூலூர் விமானப்படைத் தளம். சூலூர் சுமார் 150 கிலோமீட்டர், எலஹங்கா 220 வாக்கில், மெரினா 340. தூரத்தை மட்டும் வைத்து முடிவெடுத்தால் சூலூர்தான் ஜெயிக்கும். ஆனால் அங்கே போய் நின்றால் வாசலைத்தான் பார்க்க முடியும்.

அமெரிக்காவில் மிராமர் போன்ற தளங்கள் ஆண்டுக்கு ஒரு வாரக்கடைசியில் கதவைத் திறந்து, பொதுமக்களை இலவசமாக உள்ளே விட்டு விமானக் காட்சி நடத்துகின்றன. நம் நாட்டில் படைத்தளம் அப்படித் திறப்பது அரிது. அதனால் கிடைக்கிற வாய்ப்பை எடைபோடும்போது நான் முதலில் கேட்பது, அங்கே விமானம் தரையில் நிற்குமா, பக்கத்தில் போகலாமா, அதைப் பராமரிக்கிறவரிடம் நாலு வார்த்தை பேசலாமா என்பதைத்தான். பறக்கிற விமானம் சிலிர்ப்பைத் தரும், மறுக்கவில்லை. ஆனால் ரஃபேலா தேஜஸா என்று கண்டுபிடிப்பதற்குள் அது கண்ணைவிட்டுப் போய்விடும். நிற்கிற விமானத்தில்தான் சக்கரம் எப்படி மடங்குகிறது, காற்று எந்த வழியாக இன்ஜினுக்குள் போகிறது, இறக்கைத் தகடுகளை எப்படி இணைத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் தெரியும். ராணுவத் தளவாடத் தயாரிப்புக்கான தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்களில் சேலமும் ஒன்று. மற்றவை சென்னை, ஓசூர், கோவை, திருச்சி. இங்கே பாலிடெக்னிக்கில் லேத் ஓட்டிப் பழகும் ஒரு மாணவர் அப்படி ஒரு விமானத்தைச் சுற்றி அரை மணி நேரம் நடந்தால் அவருக்கு என்னவெல்லாம் தோன்றும்! அதற்காகவே இந்த அளவுகோல்.

முதலில் மெரினா. 2024 அக்டோபர் 6, ஞாயிற்றுக்கிழமை, விமானப்படையின் 92-வது ஆண்டு விழாவை ஒட்டி காலை 11 மணி முதல் 1 மணி வரை நடந்தது. 72 விமானங்கள். ரஃபேல், சுகோய்-30, தேஜஸ், மிராஜ், பழைய டகோட்டா, ஹார்வர்டு, சூர்யகிரண் சாகசக் குழுவின் ஹாக் ஜெட்கள், சாரங் சாகசக் குழுவின் ஹெலிகாப்டர்கள் என்று ஒரே நாளில் இத்தனை வகையைத் தமிழ்நாட்டில் ஒருவர் பார்ப்பது லேசில் நடக்காது. கட்டணம் கிடையாது. கடலுக்கு மேலே கட்டடமோ மரமோ மறைக்காது, வானம் முழுக்க நமக்குத்தான். பறப்பதைப் பார்க்கிற இடம் என்ற வகையில் மெரினாவுக்கு நிகர் எலஹங்காகூட இல்லை.

ஆனால் அன்றைக்கு அந்தக் கூட்டத்திலும் வெயிலிலும் ஐந்து பேர் உயிரிழந்தார்கள். மயங்கி விழுந்து மருத்துவமனைக்குப் போனவர்கள் ஏராளம். கடற்கரை கிழக்குப் பார்த்தது, விமானங்கள் கடலுக்கு மேலே வருகின்றன. 11 மணிக்கே சூரியன் நல்ல உயரத்தில் இருக்கும், 12 மணிக்கு ஏறக்குறைய உச்சந்தலைக்கு வந்துவிடும். மணலில் நிழல் என்று ஒன்று இல்லை. சேலத்திலிருந்து ஏற்காடு எக்ஸ்பிரஸில் போனால் விடியும் முன்பே சென்ட்ரலில் இறக்கிவிடும். இடம் பிடிக்கவேண்டும் என்று நேராகக் கடற்கரைக்குப் போனால், காட்சி தொடங்கும் முன்பே பல மணி நேரம் உடம்பு வாடியிருக்கும். அப்புறம் 1 மணிக்கு லட்சக்கணக்கானவர்கள் ஒரே சமயத்தில் எழுந்து காமராஜர் சாலைக்கும் பறக்கும் ரயில் நிலையங்களுக்கும் திரும்புவார்கள். காட்சியைவிட இந்தத் திரும்பும் நேரம்தான் ஆபத்து. சின்னக் குழந்தையையோ சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ள பெரியவர்களையோ இந்த மாதிரி காட்சிக்குக் கடற்கரை மணலில் உட்காரவைக்காதீர்கள் என்று கையைப் பிடித்துச் சொல்லத் தோன்றுகிறது.

கட்டாயம் போகத்தான் வேண்டுமென்றால் இரண்டு வழி. திருவல்லிக்கேணியிலோ மயிலாப்பூரிலோ சொந்தக்காரர் வீட்டு மொட்டை மாடி கிடைத்தால் அங்கிருந்து பாருங்கள். இல்லையென்றால் ஒத்திகை நாளில் போங்கள். நகரத்தில் நடக்கும் எந்தப் பெரிய காட்சிக்கும் முந்தைய நாட்களில் ஒத்திகை உண்டு. பெரும்பாலும் அதே விமானங்கள், அதே வரிசை, கூட்டம் மட்டும் குறைவு.

இன்னொரு விஷயம், மெரினாவை நம்பிக் காத்திருக்க முடியாது. விமானப்படை நாள் காட்சி 2022-ல் சண்டிகர், 2023-ல் பிரயாக்ராஜ், 2024-ல் சென்னை, 2025-ல் குவாஹாத்தி என்று ஊர் மாறிக்கொண்டே போகிறது. சென்னையில் அதற்கு முன் இப்படி ஒன்று நடந்தது 2003-ல். அதே பிள்ளை அடுத்ததைப் பார்க்கும்போது கல்யாண வயதில் இருக்கலாம்.

எலஹங்கா கதை வேறு. 1996-ல் தொடங்கிய ஏரோ இந்தியா, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, இப்போதெல்லாம் ஒற்றைப்படை ஆண்டுகளின் பிப்ரவரியில் வருகிறது. நடப்பது உண்மையான விமானப்படைத் தளத்துக்குள்ளேயே. 2025-ல் பிப்ரவரி 10 முதல் 14 வரை. முதல் மூன்று நாள் வணிகர்களுக்கு, 13, 14 பொதுமக்களுக்கு. அவை வியாழன், வெள்ளி. அதாவது லீவு போடவேண்டும், அதுவும் பிளஸ் டூ செய்முறைத் தேர்வு நடக்கிற மாதத்தில். பிள்ளைகளோடு போவதாக இருந்தால் பள்ளி அட்டவணையைப் பார்த்துவிட்டு நாளைத் தேர்ந்தெடுங்கள்.

டிக்கெட்டில்தான் நம்மவர்கள் யோசிக்காமல் எடுத்துவிடுகிறார்கள். 2025-ல் இந்தியர்களுக்குப் பொதுப் பார்வையாளர் பாஸ் 2,500 ரூபாய், பறப்பதை மட்டும் பார்க்கும் பகுதிக்கான ஆட்வா பாஸ் 1,000 ரூபாய். நாலு பேர் குடும்பம் என்றால் 10,000-க்கும் 4,000-க்கும் உள்ள வித்தியாசம். சட்டென்று 1,000 பக்கம்தான் கை போகும். ஆனால் ஆட்வா பாஸில் கண்காட்சி அரங்குகளுக்குள் போக முடியாது. நான் மேலே சொன்ன அளவுகோலின்படி அது மெரினாவையே காசு கொடுத்துப் பார்ப்பது. மெரினாவைவிட ஒழுங்கு கூடுதல், வெயில் குறைவு, அவ்வளவுதான். என் யோசனை இது: வீட்டில் இதில் உண்மையான ஆர்வம் உள்ள ஒரு பிள்ளைக்கும் கூடப் போகும் ஒரு பெரியவருக்கும் 2,500 பாஸ் எடுங்கள். மற்றவர்கள் வீட்டில் இருக்கட்டும். இரண்டு பேர் முழுசாகப் பார்ப்பது, நாலு பேர் பாதியாகப் பார்ப்பதைவிட நல்லது.

2025-ல் அமெரிக்காவின் எஃப்-35, ரஷ்யாவின் சுகோய்-57 இரண்டும் அங்கே வந்திருந்தன. உலகத்தின் இரு எதிர் முகாம்களின் மிக நவீனமான, ஐந்தாம் தலைமுறை எனப்படும் போர் விமானங்கள் ஒரே தளத்தில். செய்தியில் எல்லோரும் அதைத்தான் பேசினார்கள். எனக்கு நினைவில் நிற்பது வேறு. அக்கா மகனோடு ஒரு ஹெலிகாப்டர் பக்கத்தில் நின்றிருந்தேன். அங்கிருந்த விமானப்படை டெக்னீஷியன் நாங்கள் பேசுவதைக் கேட்டு, "எந்த ஊரு தம்பி?" என்று தமிழில் ஆரம்பித்துவிட்டார். மேலே உள்ள விசிறி சுற்றும்போது ஒவ்வொரு இறக்கையின் கோணமும் ஒரே சுற்றுக்குள் கூடிக் குறைந்துகொண்டே இருக்கும், அப்படி மாறுவதால்தான் ஹெலிகாப்டர் முன்னேயும் பக்கவாட்டிலும் போகிறது என்று விசிறியின் அடிப்பகுதியைக் கைகாட்டி விளக்கினார். பையன் அரங்கைவிட்டு வெளியே வந்ததும் கேட்டான்: "மாமா, இதை ரிப்பேர் பண்றவங்க எங்க படிக்கிறாங்க?" பைலட் ஆகணும் என்று கேட்கிற பிள்ளைகள் நிறைய. இந்தக் கேள்வி, நின்ற விமானத்தின் பக்கத்தில் போனால்தான் வரும்.

பறக்கும் காட்சிக்கும் குறைவில்லை. சூர்யகிரணின் ஒன்பது ஹாக் ஜெட்கள் ஐந்து மீட்டர் இடைவெளி வரை நெருங்கிப் பறக்கும். பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லிக்கொடுங்கள்: சத்தம் வருகிற பக்கம் பார்க்காதே, அதற்கு முன்னால் பார். ஒலி நொடிக்கு சுமார் 340 மீட்டர்தான் ஓடும். ஒரு கிலோமீட்டர் தள்ளிப் போகும் ஜெட்டின் சத்தம் நம்மிடம் வர மூன்று நொடி ஆகும், அதற்குள் அது வேறெங்கோ போயிருக்கும். கைக்குழந்தைகளுக்குக் காதை மூடும் கவசம் இல்லாமல் போகவேண்டாம்.

இந்த ஐந்து மீட்டர் இடைவெளி எவ்வளவு பெரிய விஷயம் என்பதையும் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டியதில்லை. 2019 ஏரோ இந்தியாவின் ஒத்திகையில் இரண்டு சூர்யகிரண் விமானங்கள் மோதி விங் கமாண்டர் சாஹில் காந்தி உயிரிழந்தார். அதே ஆண்டு வாகன நிறுத்தத்தில் தீப்பிடித்து சுமார் 300 கார்கள் எரிந்தன. காய்ந்த புல்மேல் சூடான வண்டியை நிறுத்தாமல் இருப்பது நம் கையில் இருக்கிறது.

போகிற வழி: தொப்பூர் கணவாயை இருட்டில், தூக்கக் கலக்கத்தில் கடக்காதீர்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் வரை சாலை நன்றாகப் போகும். அதற்கப்புறம் சில்க் போர்டு, ஹெப்பால் வழியாக நகரத்தைக் குறுக்கே வெட்டிப் போவதுதான் பாடு. முந்தின நாளே பெங்களூரு போய்த் தங்கி, எலஹங்கா பக்கம் அறை எடுப்பது நல்லது. 2025-ல் ஜிகேவிகே வேளாண் பல்கலைக்கழக வளாகத்திலும் ஜக்கூரிலும் வண்டியை விட்டுவிட்டுப் பஸ்ஸில் போகும் ஏற்பாடு இருந்தது. சாப்பாட்டிலும் ஒன்று கவனிக்கவேண்டும். இறைச்சிக் கழிவுக்குப் பருந்துகள் வந்து விமானத்தில் மோதாமல் இருக்க, 2025-ல் தளத்தைச் சுற்றி 13 கிலோமீட்டருக்கு இறைச்சி விற்பனையைத் தடை செய்தார்கள். அந்தப் பக்கம் பிரியாணி தேடி அலையவேண்டாம்.

சூலூரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். தேஜஸின் வீடு அது. தேஜஸ் ஓட்டும் 45-வது ஸ்குவாட்ரன் (விமானப் படைப்பிரிவு) 2018-ல் அங்கே வந்தது, 18-வது ஸ்குவாட்ரன் 2020 மே மாதம் அங்கேயே தேஜஸோடு புத்துயிர் பெற்றது. சாரங் குழுவும் அங்கேதான். 2024 ஆகஸ்டில் தரங் சக்தி கூட்டுப் பயிற்சிக்கு ஜெர்மனி, பிரான்ஸ், ஸ்பெயின், பிரிட்டன் விமானங்கள் வந்து இறங்கியபோது கோவை வானம் கொஞ்ச நாள் யூரோஃபைட்டர்களைப் பார்த்தது. இத்தனையும் இருந்தும், நினைத்த நாளில் குடும்பத்தோடு போய்ப் பார்க்கும் இடம் அது இல்லை. முன் அனுமதியோடு போகும் பள்ளி, என்.சி.சி. குழுக்களுக்குத்தான் அப்படிப்பட்ட இடங்களில் வாய்ப்பு. உங்கள் பிள்ளை என்.சி.சி.யில் இருந்தால் அதன் பொறுப்பாசிரியரிடம் கேளுங்கள், இந்த மூன்றில் மிகக் குறைந்த செலவில் மிக நெருக்கமாகப் பார்க்கும் வழி அதுவாகக்கூட அமையலாம். வேலியோரம் நின்று செல்போனில் படம் எடுப்பது மட்டும் கூடவே கூடாது. படம் எடுக்கத் தடை உள்ள இடம் அது.

இரண்டு வருடம் காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு பெங்களூரு பழைய ஏர்போர்ட் சாலையில் எச்.ஏ.எல். அருங்காட்சியகம் இருக்கிறது. 1961-ல் முதன்முதலாகப் பறந்த, இந்தியாவிலேயே உருவான மாருத் ஜெட்டை அங்கே பக்கத்தில் நின்று பார்க்கலாம். பறக்காது, ஆனால் கூட்டமும் கிடையாது. பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன். கடற்படைப் பிரியர்களுக்கு டிசம்பர் 4-ஐ ஒட்டி நடக்கும் கடற்படை நாள் காட்சி உண்டு. 2025-ல் அது திருவனந்தபுரம் சங்குமுகம் கடற்கரையில் நடந்தது, சேலம் ஜங்ஷனிலிருந்து ஒரு ராத்திரி ரயில் தூரம்தான். அதுவும் ஊர் மாறுகிற காட்சி, மெரினாவுக்குச் சொன்ன எச்சரிக்கைகள் அத்தனையும் அதற்கும் பொருந்தும்.

எட்டாம் வகுப்பைத் தாண்டிய, கேள்வி கேட்கத் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால் என் ஓட்டு எலஹங்காவின் பொதுப் பாஸுக்கு. காசு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள், ஜனவரியிலேயே ஏரோ இந்தியா இணையதளத்தைப் பார்த்து பாஸ் எடுத்துவிடுங்கள். ஆதார் அட்டையை மறக்கவேண்டாம், பையைச் சிறிதாக்குங்கள், தொப்பி கட்டாயம். வாசல் திறக்கும் நேரத்துக்கே போய், கூட்டம் சேரும் முன் அரங்குகளையும் நிறுத்தியிருக்கும் விமானங்களையும் முடித்துவிடுங்கள். பறக்கும் காட்சியை மத்தியானச் சுற்றில் பார்த்துக்கொள்ளலாம்.