ஐலா தீவுப் பழைய விஸ்கிப் பீப்பாய் என்று போன் வந்தால்

"பேங்கில் போட்டு என்ன வட்டி வரப்போகிறது சார்? பழைய சிங்கிள் மால்ட் விஸ்கிப் பீப்பாய் ஒன்றை வாங்கிப் போடுங்கள், வருஷம் ஏற ஏற விலை ஏறும்." பிரிட்டனில் இருக்கும் எனக்கு இப்படித்தான் போன் வந்தது. பல ஆயிரம் பவுண்டு போய்விட்டது. இன்னொருவர் பணம் கட்டுமுன் இது கண்ணில் படட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

விற்றது லண்டனில் ஆபீஸ் வைத்திருக்கும் ஒரு தரகு நிறுவனம். ஸ்காட்லாந்தின் ஐலா தீவில், கல் ஈலா டிஸ்டில்லரியில் வடித்த 18 வருஷச் சரக்கு என்றார்கள். 1846-இல் தொடங்கி, எதிரே ஜூரா தீவைப் பார்த்தபடி கடலோரம் நிற்கும் டிஸ்டில்லரி அது. பீட் என்ற சதுப்புநில மண்ணை எரித்த புகை வாசம் ஏறிய அந்த விஸ்கி எனக்கு மிகவும் பிடிக்கும். பேச்சில் அதைத் தெரிந்துகொண்டு அங்கேயே பிடித்தார்கள். டிஸ்டில்லரிக்கும் இந்த மோசடிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

பணம் போனதும் தங்க எழுத்தில் ஓர் உரிமைச் சான்றிதழ் வந்தது. தீவுக்கு வந்தால் கடல்காற்றில் முதிரும் என் பீப்பாயைத் தொட்டே பார்க்கலாமாம். ஆனால் உண்மையில் கல் ஈலாவில் வடிப்பதில் பெரும்பகுதி டேங்கர் லாரியில் ஏறி, தீவை விட்டுப் போய், ஸ்காட்லாந்து நிலப்பகுதிக் கிடங்குகளில்தான் பீப்பாய்க்குள் போகிறது. வேண்டுமென்றால் பீப்பாயையே சிங்கப்பூரில் இருக்கும் என் மச்சானுக்கு அனுப்பித் தருவதாகவும் சொன்னார்கள். அதுவும் பொய். 2012 நவம்பரிலிருந்து சிங்கிள் மால்ட்டை ஸ்காட்லாந்திலேயே பாட்டிலில் அடைத்துத்தான் வெளியே அனுப்ப முடியும்.

அளவில்தான் பெரிய தில்லுமுல்லு. சான்றிதழில் 250 லிட்டர் என்று போட்டிருந்தது. அது ஹாக்ஸ்ஹெட் என்ற வகைப் பீப்பாயின் முழுக் கொள்ளளவு! ஸ்காட்லாந்தில் வருஷத்துக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகிப் போகும். தேவதைகளின் பங்கு என்று சொல்வது அதைத்தான். 18 வருஷத்தில் 175 லிட்டர் மிஞ்சினாலே நல்லது. சாராய வீரியமும் கூடவே இறங்கும். 40 சதவீதத்துக்குக் கீழே போய்விட்டால் அதை ஸ்காட்ச் என்றே விற்க முடியாது. "30 வருஷம் வரை வையுங்கள், தங்கம்" என்று ஆசை காட்டுகிறவர்கள் இதைச் சொல்வதே இல்லை. அதனால் பீப்பாயைத் திறந்து லிட்டரையும் வீரியத்தையும் புதிதாக அளந்த அறிக்கை வேண்டும். நான் கேட்டேன், இன்றுவரை வரவில்லை.

பலமுறை நச்சரித்த பிறகு கிடங்கின் பெயரைச் சொன்னார்கள். பீப்பாய் எண்ணோடு கிடங்குக்கு எழுதினேன். அந்த எண்ணில் ஒரு பீப்பாய் இருக்கிறது, ஆனால் உங்கள் பெயரில் இல்லை, யார் பெயரில் என்பதைச் சொல்ல முடியாது என்று பதில் வந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.

நடைமுறை இதுதான். வரி கட்டாத விஸ்கி சுங்கத்துறை அனுமதி பெற்ற கிடங்கில் இருக்கும். கைமாறும்போது விற்பவர் டெலிவரி ஆர்டர் என்ற கைமாற்றுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கிடங்குக்கு அனுப்ப வேண்டும். கிடங்கு தன் கணக்கில் பெயரை மாற்றி, வாங்கியவருக்கு உறுதி சொல்ல வேண்டும். தங்க எழுத்துச் சான்றிதழை அங்கே யாரும் மதிப்பதில்லை. வாங்குகிறவர் சான்றிதழை நம்பி, கிடங்கில் கேட்காமல் விடுவதால்தான் ஒரே பீப்பாயைப் பலருக்கு விற்க முடிகிறது.

அப்புறம், பீப்பாய் நிஜமாகவே உங்களுடையதாக இருந்தாலும் டிஸ்டில்லரியின் பெயரைப் பாட்டிலில் போடும் உரிமை தானாக வந்துவிடாது. பெயர் இல்லாவிட்டால் விலையும் இறங்கும். இதையும் என்னிடம் சொல்லவில்லை.

பிரிட்டனில் பீப்பாய் விற்பனை நிதி ஒழுங்குமுறை ஆணையத்தின் கட்டுப்பாட்டில் வராது. பேங்க் டெபாசிட்டுக்கு உள்ள காப்பு இதற்குக் கிடையாது. போலீசில் புகார் கொடுத்திருக்கிறேன், விசாரணை நடக்கிறது. இதே மாதிரி சான்றிதழ் கையில் வைத்திருப்பவர்கள் தரகரிடம் கேட்டுக்கொண்டிருக்காமல் பீப்பாய் எண்ணோடு இன்றே நேராகக் கிடங்குக்கு எழுதுங்கள். கிடங்கின் பெயரையே சொல்ல மறுக்கிறார்கள் என்றால் புகாரைத் தள்ளிப்போட வேண்டாம்.