பால் தெரூவின் 'த எலிபன்டா ஸ்வீட்' (The Elephanta Suite): வாங்கலாமா?

அமெரிக்க எழுத்தாளர் பால் தெரூவின் பயண நூல்களை விரும்பிப் படிப்பவள் நான். அந்த நம்பிக்கையில்தான் பெங்களூரு சர்ச் ஸ்ட்ரீட்டில் பழைய பிரதியாக இதை வாங்கினேன். 2007இல் வெளியானது. மூன்று குறுநாவல்கள்: இமயமலை அடிவாரத்துச் சொகுசு விடுதி ஒன்று, மும்பை, பெங்களூரு. மூன்றிலும் இங்கே வந்து சிக்கிக்கொள்பவர்கள் அமெரிக்கர்கள்.

முதல் கதை மனதில் தங்கவில்லை. மும்பைக் கதை நன்றாக எழுதப்பட்டது. அவுட்சோர்சிங் வேலையாக வந்த பாஸ்டன் வக்கீல், நம் சாப்பாட்டுக்குப் பயந்து டின் மீனைத் தின்று காலம் தள்ளுகிறார். அந்தப் பயம் மெல்ல மெல்ல எப்படி ஆசையாகிறது என்பதைத் தெரூ பொறுமையாகக் காட்டுகிறார். ஆனால் அந்த வக்கீல் சந்திக்கும் பெண்களுக்கு இந்தப் பொறுமை கிடைக்கவில்லை.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது பெங்களூருக் கதை. சாய்பாபா ஆசிரமத்தில் தங்கும் ஆலிஸ் என்ற அமெரிக்கப் பெண், கால் சென்டர் ஊழியர்களுக்கு அமெரிக்க உச்சரிப்பு சொல்லித் தருகிறாள். ரயிலில் அறிமுகமான அமிதாப்பும் அங்கே இருக்கிறான். அமெரிக்கப் பேச்சு நாக்கில் படியப் படிய அவனுக்குள் முரட்டுத்தனம் ஏறுகிறது. கடைசியில் அவளைப் பலாத்காரம் செய்கிறான்.

ஆலிஸ் செய்யும் அதே வேலையை இதே ஊரில் செய்தவள் நான். என் வகுப்புகளில் கோலார் தங்கவயல் தமிழ்ப் பிள்ளைகள் எப்போதும் இருப்பார்கள். 2001இல் சுரங்கத்தை மூடிய பிறகு அந்த ஊரில் பலருக்குப் பிழைப்பு பெங்களூருதான். மாரிகுப்பத்தில் ரயிலேறி பங்காருப்பேட்டை வழியாக வருவார்கள். நைட் ஷிஃப்ட் முடிந்து, கண் எரிய எரிய அதே வழியில் திரும்புவார்கள். போனில் டெக்சாஸ்காரரிடம் அவர் பாணியிலேயே பேசிய பையன், ஹெட்செட்டைக் கழற்றியதும், "அக்கா, அம்மாவுக்கு சுகர் மாத்திரை வாங்கணும், கொஞ்சம் முன்னாடியே கிளம்பட்டுமா?" என்பான். அந்த உச்சரிப்பை ஐடி கார்டு மாதிரி மாட்டிக் கழற்றினார்கள். அது அவர்களுடைய குணத்தைத் தொடவில்லை.

குற்றவாளி இந்தியனாக இருக்கக் கூடாது என்று நான் கேட்கவில்லை. எல்லா அலுவலகத்தையும் போல இங்கேயும் கெட்டவர்கள் உண்டு. ஆனால் கதை முழுக்க ஆலிஸின் கண் வழியாகவே நகர்கிறது. அமிதாப் ஏன் இப்படி ஆனான் என்பதற்கு அந்த உச்சரிப்பே போதுமான காரணமாகிவிடுகிறது. அமெரிக்கர்களின் சபலத்தையும் அறியாமையையும் தெரூ கூசாமல்தான் எழுதுகிறார், மறுக்கவில்லை. அவர்கள் தவறுக்கு ஆளுக்கொரு காரணம் இருக்கிறது. இந்தியர்களின் தவறுக்கு இந்தியாவே காரணமாகிவிடுகிறது.

1975இல் வந்த 'த கிரேட் ரயில்வே பஜார்' நூலில் ராமேஸ்வரம் வரைக்கும் ரயிலில் போனவர் அவர். பயண நூலில் எதிர் சீட்டுக்காரரைப் பேச்சையும் தோற்றத்தையும் வைத்து எழுதலாம். அடுத்த ஸ்டேஷனில் அவர் இறங்கிவிடுவார். கதை எழுதுகிறவர் அவர் பின்னாலேயே இறங்கி வீடு வரைக்கும் போக வேண்டும். தெரூ சீட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம், அதுவும் மும்பைக் கதைக்காக. நூலகத்தில் கிடைத்தால் எடுத்துப் படியுங்கள். புதுப் பிரதிக்குச் செலவு செய்ய வேண்டாம். தெரூவை இதுவரை படிக்காதவர்கள் 'ரயில்வே பஜா'ரில் தொடங்குங்கள்.