மொத்த மேற்கோள்களா, எச்-குறியீடா?

மருத்துவ ஆய்வாளர் ஒருவரின் தாக்கத்தை மொத்த மேற்கோள் எண்ணிக்கையை, அதாவது அவருடைய கட்டுரைகளைப் பிற கட்டுரைகள் எத்தனை முறை சுட்டியிருக்கின்றன என்பதை, மட்டும் வைத்து எடைபோடுவது ஆபத்தானது. பலர் சேர்ந்து எழுதிய பெரிய மருந்துச் சோதனைக் கட்டுரை ஒன்றே அந்த எண்ணை ஆயிரக்கணக்கில் உயர்த்திவிடும். அதில் அவருடைய பங்கு எவ்வளவு என்பது தெரியாது. இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் 2005இல் முன்வைத்த எச்-குறியீடு இந்த வீக்கத்துக்கு இடம் கொடுப்பதில்லை. குறியீடு 20 என்றால், தலா 20 முறையாவது மேற்கோள் காட்டப்பட்ட 20 கட்டுரைகள் அவரிடம் இருக்கின்றன. ஒரே கட்டுரை எவ்வளவு புகழ்பெற்றாலும் அதனால் குறியீடு ஒன்றுக்கு மேல் உயராது.

ஆனால் மொத்தம் நான்கே கட்டுரைகள் எழுதி ஒரு சிகிச்சையையே மாற்றியவருக்கும் அது 4ஐத் தாண்டாது. இந்த அநீதி என்னை உறுத்துகிறது. பணிக்காலமும் துறையும் இரண்டையுமே பாதிக்கின்றன. ஒரே துறையின் மூத்தவர்களை ஒப்பிட எச்-குறியீட்டையே எடுப்பேன். இளையவர்களுக்கு இரண்டும் வேண்டாம், கட்டுரைகளைப் படியுங்கள்.