ஊட்டியில் இலவச மரக்கன்று: சில பனிக்காலங்களுக்குப் பிறகு

பசுமைத் தமிழ்நாடு இயக்கம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. மாநிலத்தின் பசுமைப் பரப்பை 23.7 சதவீதத்திலிருந்து 33 சதவீதமாக உயர்த்துவது அதன் இலக்கு. அடுத்து வந்த மழைக்காலத்தில் காந்தல் பக்கம் எங்கள் தெருக்காரர்கள் சேர்ந்து வனத்துறை நர்சரியில் கன்றுகள் வாங்கி, சாலையோரம் நட்டோம். பெயரும் இடமும் எழுதிக்கொடுத்தோம், காசு கேட்கவில்லை. வாங்குவதில் ஒரு சிரமமும் இல்லை. மலையில் அதைப் பிழைக்க வைப்பதுதான் பெரிய பாடு.

முதலில் பனி. ஆனியில் நட்ட கன்று ஐப்பசி மழை வரை தளதளவென்று நிற்கும். மார்கழியில் வானம் வெளுத்து, நீர்ப்பனி உறைபனியாக மாறியதும் வெட்டவெளியில் நிற்பதெல்லாம் ஒரே ராத்திரியில் கருகிவிடும். நாவலும் செண்பகமும் சோலை என்கிற மலைக்காட்டுக்குள் பெரிய மரங்களின் நிழலில் வளர்ந்து பழகியவை. எங்கள் தெருவிலும் வேலியோரம், சுவரோரம் நின்றவை பிழைத்தன. பள்ளத்தில், குளிர்காற்று இறங்கித் தேங்கும் இடத்தில் வைத்தவை போய்விட்டன. தாவரவியல் பூங்காவில் மலர்ச்செடிகளைப் பனியில் கருகாமல் மிலாறு என்கிற செடிக்கிளைகளைப் போட்டு மூடுவார்கள் அல்லவா, பக்கத்து வீட்டு அக்கா அதையே செய்தார். சாயங்காலம் மிலாறு சாத்துவார், வெயில் ஏறியதும் எடுத்துவிடுவார். அவர் வரிசையில் ஒன்றுகூடச் சாகவில்லை.

காட்டுப்பூவரசுக்கு இந்தப் பாதுகாப்பே தேவைப்படவில்லை. உச்சிப் புல்வெளியில் பனியையும் தீயையும் தாங்கித் தனியாக நிற்கிற மரம் அது. வளர்ச்சிதான் மெதுவு, இன்னும் இடுப்பளவுகூட வரவில்லை. எனக்கு அதில் குறையே இல்லை. சீக்கிரம் வளரும் என்று அன்றைக்குக் கொண்டுவந்த சீகையும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) இந்தப் புல்வெளிகளை எப்படி மூடிவிட்டன என்பது நீலகிரிக்காரர்களுக்குத் தெரியும்.

அப்புறம் காட்டெருமை. மூங்கில் கூண்டெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. ஒரு தடவை உரசினால் கூண்டும் கன்றும் சேர்ந்து சாயும். சாலைக்கு மேலே, தடுப்புச்சுவரின் பின்னால் நட்டவைதான் தப்பின.

மனசு ஆறாதது வேறொன்று. இரண்டு பனியைத் தாண்டிய பிக்கி என்கிற சோலை மரத்தின் கன்றைக் குழாய் பதிக்க வந்தவர்கள் வேரோடு தோண்டிப் போட்டுவிட்டார்கள். ஓரடி தள்ளித் தோண்டியிருக்கலாம். யாரைக் கேட்டாலும் இன்னொருவரைக் கைகாட்டினார்கள். சாலையோரம் நடுகிறவர்கள் கீழே குழாய் எங்கே போகிறது என்று வார்டு ஆட்களிடம் முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது. மேலே மின்கம்பியையும் பாருங்கள். 1955ஆம் ஆண்டு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி, இங்கே வளர்ந்த மரத்தை நினைத்தவுடன் வெட்ட முடியாது, மாவட்டக் குழுவின் அனுமதி வேண்டும். அந்தச் சட்டம் இல்லையென்றால் இருக்கிற மரமும் போயிருக்கும். கம்பியைத் தொடுகிறது என்று பிறகு வெட்டவும் முடியாது என்பதால், கம்பிக்கடியில் வைக்காதீர்கள்.

அடுத்த மழைக்கு வாங்கப்போகிறீர்கள் என்றால் சோலை மரம் வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். சின்னப் பாக்கெட்டில் இருக்கும் இளங்கன்றைவிட, பெரிய பையில் ஒரு வருஷமாவது நின்று தண்டு முற்றியதைத் தேர்ந்தெடுங்கள். தென்மேற்கு மழை பிடித்ததும் நட்டுவிட்டால், பனி வருவதற்குள் வேர் இறங்கிவிடும்.